ராக்வெல்லின் ஓவியமும் வகுப்பறை உரையாடலும்

நார்மன் ராக்வெல் வரைந்த 'நாம் அனைவரும் வாழ்ந்துவரும் சிக்கல்' என்னும் ஓவியம் 1964 சனவரியில் அமெரிக்காவின் 'லுக்' இதழில் வெளிவந்தது. 1960 நவம்பரில் நியூ ஓர்லியன்சில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் கூட்டாட்சிக் காவலர் துணையுடன் சென்ற நிகழ்வே அதன் கரு. காவலர் நால்வரின் தலைகளை ஓவியர் வரையவில்லை. தோளோடு படம் முடிகிறது. சுவரில் ஓர் இனவசைச் சொல், எறியப்பட்ட தக்காளியின் கறை. எறிந்த கூட்டம் மட்டும் இல்லை. நாம் நின்று பார்க்கும் இடத்தில்தான் அது நின்றிருக்க வேண்டும்.

இதை வகுப்பில் காட்டும்போது "அந்தச் சிறுமிக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்கத் தோன்றும். இரக்கம் பிறக்கலாம், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் எல்லாக் கண்களும் அதன் பக்கம் திரும்பும் (இது கொடுமை). "தக்காளி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் மாறிவிடுகிறார்.

ஓவியத்தில் விடுபட்டதும் உண்டு. வெள்ளைப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ரூபி ஒருத்திக்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பாடம் நடத்தினார். பள்ளிக்குள் தொடர்ந்த அந்த ஒதுக்கலைத் தெருக்காட்சி சொல்லாது. ஆசிரியர்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.