தேடியவன் தன் வீட்டு வாசலில்: நான்கு நாவல்கள்

விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன் இறுதியாண்டு மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, யாஸ்மினா கத்ராவின் 'அஸ்ஸத்மா' நாவலை இரவல் கேட்டார். இன்னும் படித்து முடிக்கவில்லை என்று சாக்குச் சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். உண்மையில் அந்நூலை அதற்குள் இருமுறை படித்திருந்தோம். தற்கொலைத் தாக்குதல் ஒன்றைச் சுற்றிச் சுழலும் கதையை ஓர் அரபுக் கல்லூரி ஆசிரியர் இளைஞர் கையில் கொடுத்தார் என்ற பேச்சு எழுந்துவிடுமோ என்ற தயக்கமே காரணம். நூலைப் பற்றிய ஐயம் அதில் எதுவும் இல்லை. நம்மைப் பற்றிய அச்சம்தான் இருந்தது. விடுமுறை நெடுகிலும் அது உறுத்திக்கொண்டே இருந்தமையால், அந்நூலை மூன்றாம் முறையும், அதனோடு உறவுடைய வேறு மூன்று நாவல்களையும் எடுத்து வாசித்தோம்.

இரயில் நிலையக் கடைகளில் கிடைக்கும் ஆங்கில மர்ம நாவல்களை நம் வாசகர்கள் அறிவார்கள். 2001ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்தவற்றுள் பலவற்றில், முஸ்லிம் பெயர் தாங்கிய ஒருவர் கதைக்குள் நுழைந்த மாத்திரத்திலேயே குற்றவாளி யாரென்பது தெரிந்துவிடுகிறது. இது நம்மைப் புண்படுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். கதை என்ற அளவிலேயே அது தோற்றுப்போகிறது. விடை முதற்பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் மீதி முந்நூறு பக்கங்கள் எதற்கு? நாம் எடுத்துக்கொண்ட நான்கு நூல்களிலும் துரத்தலும் துப்பாக்கியும் குருதியும் உண்டு. எனினும், எதையோ தேடிப் புறப்பட்டவன் இவற்றில் சுற்றியலைந்து வந்து நிற்குமிடம் தன் வீடாகவே இருக்கிறது.

நஜீப் மஹ்ஃபூழின் 'அல்லிஸ்ஸு வல்கிலாப்' (1961) இவற்றுள் மூத்தது. 1960இல் எகிப்தியச் செய்தித்தாள்களைப் பரபரப்பாக்கிய ஒரு குற்றவாளியின் கதையிலிருந்து பிறந்த நாவல் இது. சிறையிலிருந்து மீளும் ஸயீத் மஹ்ரான், தன் மனைவியை மணந்துகொண்ட பழைய சீடனையும், புரட்சி பேசித் தனக்குத் திருட்டை நியாயப்படுத்திக் காட்டிவிட்டு இப்போது மாளிகையில் வாழும் பத்திரிகையாளன் ரவூஃப் இல்வானையும் கொல்லத் துடிக்கிறான். இருமுறை சுடுகிறான், இருமுறையும் இறப்பவர்கள் சம்பந்தமில்லாத அப்பாவிகள். விமர்சகர்கள் பெரும்பாலும் ரவூஃபின் துரோகத்தையே பேசுவர்; 1952 புரட்சிக்குப் பிந்தைய எகிப்தின் ஏமாற்றத்தை அதில் காண்பர். நமக்கோ கதையின் அச்சு அதற்கு முன்பே முறிந்துவிடுவதாகத் தோன்றுகிறது. விடுதலையான அன்றே மகள் ஸனாவைக் காணச் செல்கிறான் ஸயீத். அச்சிறுமி அவனை அடையாளம் காணாமல் மிரண்டு பின்வாங்குகிறாள். அதன்பின் அவன் சுடும் ஒவ்வொரு குண்டும் அந்தப் பின்வாங்கலுக்குச் சொல்லும் மறுமொழிதான். ஷெய்க் அலீ அல்ஜுனைதியின் வீட்டில் அவனுக்குத் தங்க இடம் கிடைக்கிறது. அவர் சொற்களுக்கோ அவனுள் இடமில்லை.

இனி 'அஸ்ஸத்மா'. பிரெஞ்சில் 2005இல் வெளிவந்தபோது இதன் பெயர் 'தாக்குதல்' என்ற பொருளுடையது. அரபு மொழிபெயர்ப்பு அதை 'அதிர்ச்சி' என்று ஆக்கியது. மூலத்தின் பெயர் நிகழ்ச்சியைச் சுட்ட, அரபுப் பெயர் அதற்கு ஆளானவனின் நிலையைச் சுட்டுகிறது. பெயர்த்தவர் செய்தது பிழையன்று, ஒருவகை விமர்சனம் என்றே கருதுகிறோம்.

டெல் அவீவ் மருத்துவமனையொன்றில் அறுவை மருத்துவராகப் பணிபுரியும் அமீன் ஜஅஃபரி, இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற அரபி. உணவகமொன்றில் குண்டு வெடிக்கிறது. காயமுற்றோருக்கு அவர் நாள் முழுதும் சிகிச்சை அளிக்கிறார். வெடிகுண்டைச் சுமந்து சென்றவர் அவருடைய மனைவி ஸிஹாம் என்பது பிறகே தெரியவருகிறது. பெத்லஹேமில் அஞ்சலிட்ட சிறு கடிதம் ஒன்று வந்து சேர்கிறது. அதைப் பற்றிக்கொண்டு அமீன் பெத்லஹேமுக்கும் பின்னர் ஜெனீனுக்கும் அலைகிறார்.

இத்தேடலில் கத்ரா காட்டும் நுட்பம் வியக்கத்தக்கது. மாண்டவர்களைக் காட்டிலும், 'அவள் எனக்குத் துரோகம் செய்தாளா' என்ற ஐயமே அமீனை அரிக்கிறது. தன் உறவினன் ஆதிலுடன் அவளுக்கு இருந்த தொடர்பு எத்தகையது என்று குமைகிறார். உலகமே இடிந்து கிடக்கையில் ஓர் ஆண் தன் மானத்தை அளந்து பார்த்துக்கொண்டிருப்பதைச் சிறிதும் தயவின்றி எழுதியிருக்கிறார் ஆசிரியர். குலமுதியவரின் பழைய வீட்டைப் புல்டோசர் இடித்துத் தள்ளும் பகுதியை வாசித்தபின் நூலைச் சற்று மூடி வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஸிஹாம் எங்கே? அந்தக் கடிதத்தின் சில வரிகளில் மட்டுமே அவர் பேசுகிறார். கேட்கத் தெரியாத கணவனுக்கு விடை கிடைக்காததே கதை என்று வாதிடலாம். நாமும் முதல் வாசிப்பில் அப்படித்தான் எண்ணினோம். மூன்றாம் வாசிப்பில் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. பெத்லஹேமிலும் ஜெனீனிலும் அமீன் சந்திக்கும் ஆண்கள் பக்கம் பக்கமாகத் தம் நியாயத்தை உரைக்கிறார்கள். செயலைச் செய்தவருக்கோ அஞ்சல் உறையளவு இடமே கிடைத்தது. அல்ஜீரிய இராணுவ அதிகாரியாக இருந்த முஹம்மத் மூலஸ்ஸஹூல், தணிக்கைக்குத் தப்ப வேண்டித் தம் மனைவியின் பெயர்களையே புனைபெயராகப் பூண்டவர். மனைவியின் பெயரால் எழுதிய ஒருவர், கதையிலுள்ள மனைவியைப் பேசவிடாதது விந்தைதான்.

அஹ்மத் ஸஅதாவியின் 'ஃபிராங்கன்ஸ்டைன் ஃபீ பக்தாத்' (2013) அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசை 2014இல் பெற்றது. 2005ஆம் ஆண்டு பக்தாத். பத்தாவீன் பகுதியின் பழைய பொருள் வியாபாரி ஹாதி, குண்டுவெடிப்புகளில் சிதறிய உடற்பாகங்களைப் பொறுக்கி ஒரு முழு உடலாகத் தைக்கிறான். குப்பையோடு குப்பையாகப் போகாமல் அவை முறையாக அடக்கம் பெற வேண்டுமென்பதே அவன் எண்ணம். அவ்வுடலுக்குள், வெடியில் இறந்த ஹோட்டல் காவலாளி ஒருவரின் உயிர் புகுந்துகொள்கிறது. எழுந்து நடக்கும் அதற்குப் பெயரில்லை. ஈராக்கியப் பேச்சு வழக்கில் 'ஷிஸ்மு' என்கிறார்கள், 'என்னமோ அது' என்பது போல. தன் ஒவ்வொரு பாகத்துக்கும் உரியவருக்காக அது பழிவாங்கப் புறப்படுகிறது. பழி தீர்ந்ததும் அந்தப் பாகம் உதிர்கிறது. உதிர்ந்ததை ஈடுகட்டப் புதிய சதை தேவைப்படுகிறது. இறுதியில் அப்பாவிகளின் சதையும் வேண்டியதாகிறது.

ஜாஹிலிய்யக் கவிதை பயின்றோர்க்கு இங்கே 'ஹாமா' நினைவுக்கு வரும். பழிவாங்கப்படாத கொலையுண்டவனின் தலையிலிருந்து ஒரு பறவை வெளிப்பட்டு, குருதி கேட்டுக் கூவும் என்று அன்றைய அரபிகள் நம்பினர். நபிமொழி அந்நம்பிக்கையை மறுத்தது. ஸஅதாவி அப்பறவையை அறிந்தே எழுதினாரோ, நாம் அறியோம். அது பக்தாதின் தெருக்களில் மீண்டும் கூவுவதைக் கேட்டோம். நாவலின் பின்பாதியில் பத்திரிகையாளன் மஹ்மூதின் கதையும், சோதிடர்களை வைத்துக் குற்றம் துப்பறியும் அலுவலகத்தின் கதையும் தேவைக்கு மேல் நீள்கின்றன. எனினும் ஈலிஷ்வா என்ற கிறிஸ்தவ மூதாட்டிக்காகவே இதைப் படிக்கலாம். ஈரானுடனான போருக்குச் சென்று திரும்பாத மகன் தானியாலுக்காக அவர் காத்திருக்கிறார். வாசலில் வந்து நிற்கும் அந்தக் கோர உருவத்தை மகன் என்றே அழைத்து உள்ளே விடுகிறார். நகரமெல்லாம் கொலையாளி என்று துரத்தும் ஒன்றுக்கு உடுத்த ஆடை தருவது ஒரு தாய்தான்.

கஸ்ஸான் கனஃபானியின் 'ஆயிதுன் இலா ஹைஃபா' (1969) அளவில் சிறியது. ஒரே மாலையில் படித்துவிடலாம். ஸயீதும் ஸஃபிய்யாவும் 1948 ஏப்ரலில் ஹைஃபாவிலிருந்து விரட்டப்பட்ட வேளையில், ஐந்து மாதக் குழந்தை கல்தூன் தொட்டிலிலேயே விடுபட்டுப் போகிறான். 1967 போருக்குப் பின் எல்லை திறக்கவே, இருபது ஆண்டுகள் கழித்து அவ்வீட்டைப் பார்க்கச் செல்கிறார்கள். போலந்திலிருந்து வந்து குடியேறிய மிர்யம் என்ற யூதப் பெண் கதவைத் திறக்கிறார். குழந்தையை வளர்த்தவர் அவரே. பெயர் தோவ் என்றாகிவிட்டது.

துப்பாக்கி வெடிக்காத இந்நூலே நான்கிலும் நம் மூச்சை மிகுதியாக அடக்கியது. ஒரு வரவேற்பறை, சில நாற்காலிகள், ஒரு பூச்சாடி. சாடியில் ஏழு மயிலிறகுகள் இருந்தன என்பது ஸயீதின் நினைவு, இப்போது ஐந்துதான். மற்ற இரண்டும் எங்கே என்று அவர் கேட்கிறார். மகனைப் பற்றிக் கேட்க நா எழாதவர் இறகுகளைப் பற்றிக் கேட்கிறார்! மிர்யமையும் கனஃபானி வில்லியாக்கவில்லை. அவர் தந்தையை அவுஷ்விட்சில் இழந்தவர். ஹைஃபாவில் இறந்த அரபுக் குழந்தையொன்றை வீரர்கள் வண்டியில் வீசியெறியக் கண்டு, திரும்பிப் போய்விடத் துடித்தவர்.

பிறகு தோவ் இஸ்ரேலிய இராணுவச் சீருடையில் உள்ளே வருகிறான். குறையும் இங்கேதான் தொடங்குகிறது. தந்தையும் மகனும் பேசுவது ஒரு கட்டத்தில் தலையங்கமாகிவிடுகிறது. 'அல்ஹதஃப்' இதழின் ஆசிரியர் நாவலாசிரியரை ஓரம் தள்ளிவிடுகிறார். ஸஃபிய்யாவுக்கும் பேச்சு மிகக் குறைவு. ஸிஹாமுக்காகக் கத்ராவைக் குறைகூறிய நாம் இதை மறைப்பது முறையன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஸஃபிய்யா அந்த அறையிலேயே இருக்கிறார். அவர் விசும்பல் ஒவ்வொரு வாதத்தையும் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

திரும்பும் வழியில் ஸயீத், போராளிகளோடு சேரக் கூடாதென்று தாம் தடுத்து வைத்திருந்த இளைய மகன் காலித் இந்நேரம் போயிருக்க வேண்டுமே என்று விரும்புகிறார். காலித் போனால் எதிரே நிற்பவன் அண்ணன். இம்முடிவோடு நம்மால் முழுமையாக உடன்பட இயலவில்லை. ஆனால் அவ்விருப்பத்தின் விலை இன்னதென்று கனஃபானி வாசகருக்கு ஒளிக்கவில்லை. 1972 ஜூலையில் பெய்ரூத்தில் வாகனக் குண்டுக்கு அவர் இரையானபோது, அவருடைய சகோதரியின் இளம் மகள் லமீஸும் உடன் மாண்டாள்.

கல்லூரி திறந்ததும் அம்மாணவரை அழைத்து, சாக்குச் சொன்னதை ஒப்புக்கொண்டு, 'அஸ்ஸத்மா'வையும் கனஃபானியின் நூலையும் சேர்த்தே கொடுத்தோம். முன்னது மூன்றாம் நாளே திரும்பி வந்தது. மற்றது இன்னும் வரவில்லை, நாமும் கேட்கவில்லை.