சின்னத் துளை, யாருடைய அளவு?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பெண்கள் லேப்ராஸ்கோபியை ‘ஓட்டை போட்டு ஆபரேஷன்’ என்பார்கள். மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் பேர், குறைந்த ஊடுருவல் அறுவை சிகிச்சை. எனக்கு முதல் பேர்தான் நேர்மையானதாகப் படுகிறது. அது நடந்ததைச் சொல்கிறது. மற்றது நடந்ததை எடைபோட்டு, ‘குறைவு’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

எதை வைத்துக் குறைவு? வெட்டின் நீளம், இரத்த இழப்பு, வலி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்கள். இவை பொய் அளவுகள் அல்ல. வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் லாபம் மெய்தான். ஆனால் இந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. கருத்தடைக்கான மத்திய அரசின் தரநெறிகள், 48 மணி நேரம் கழித்து இலேசான வேலை, இரண்டு வாரத்தில் படிப்படியாக முழு வேலை என்கின்றன. இலேசான வேலை எது? இடுப்பில் தண்ணீர்க் குடமா, தலையில் புல்லுக்கட்டா, நாள் முழுக்கக் குனிந்து பருத்தி எடுப்பதா? பெரிய தையல் போட்ட காலத்தில் அந்தத் தையல் மாமியார் கண்ணுக்கும் பட்டது. தையல் பிரிக்கும் வரையாவது அவள் நோயாளி. இப்போது தொப்புளருகே ஒரு பிளாஸ்திரி. ‘அதான் ஓட்டைதானே’ என்ற ஒரு சொல்லில் அவளுடைய ஓய்வு பறிபோகிறது. சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்பதைச் சம்பளத்தோடு விடுப்பு உள்ளவர்கள் வசதியாகக் கேட்கலாம். கூலிக்காரிக்கு அது கட்டளை.

துளை சிறிதானதும் மனசாட்சியும் சுருங்கியதற்கு 2014 நவம்பர் சாட்சி. ஒரு குழு, மூன்று லேப்ராஸ்கோப்புகள், நாளுக்கு அதிகபட்சம் 30 பெண்கள் என்பது விதி. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், மூடிக்கிடந்த ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்து முடித்தார். அந்த வாரத்து முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். அதே மாதம் ஒடிசாவில், வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் சைக்கிள் பம்பால் காற்றடித்தார்கள். விதி இல்லாமல் நடந்தவை அல்ல இவை. அடுத்தடுத்துப் படுக்க வைக்கலாம், மாலையே வீட்டுக்கு அனுப்பலாம் என்ற வசதிதான் முகாமுக்குத் தீனி போட்டது. 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் முகாம் முறையையே கைவிடச் சொன்னது.

இன்னொரு கேள்வியைத் தரநெறி கேட்பதே இல்லை: யாருடைய உடலில்? 1974இல் சீனாவில் லி ஷுன்சியாங் உருவாக்கிய கத்தியில்லா வாசக்டமியில் வயிற்றுக்குள் போகவே வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். உண்மையிலேயே குறைந்த ஊடுருவல் அதுதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இந்தியாவில் பெண் கருத்தடை 37.9 விழுக்காடு, ஆண் கருத்தடை 0.3. ஊசி குத்தினாலே ‘வேலை செய்ற உடம்பு’ கெட்டுப்போகும் என்று ஆணைக் காப்பாற்றுகிற ஊரில், வேலை செய்கிற உடம்பு அவளுக்கும் இருப்பது நினைவுக்கு வருவதில்லை. கருவியைச் சுருக்கத் தெரிந்த அறிவியல் இந்த இடத்தில் ஏன் வாய் திறக்கவில்லை?

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பெண்களிடம் நான் கேட்பது ஒன்று. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ‘இலேசான வேலை’ என்று எழுதாதீர்கள். குடம், புல்லுக்கட்டு, பருத்திக்காடு என்று பேர் சொல்லி, எத்தனை நாள் கூடாது என்று தமிழில் எழுதி, கூட வந்தவரிடமும் படித்துக் காட்டுங்கள்.