பத்துமலைப் படியில் பழகும் நடை

பனிமூடிய எரிமலையில் முதன்முறை ஏறப்போகிறவருக்கு ஐஸ் கோடரிக்கு முன்பே கைவர வேண்டியது நடை. பின்கால் முட்டியை நேராக்கி, உடல் பாரம் முழுவதையும் எலும்பின்மேல் நிறுத்தி, முன்காலை ஒரு மூச்சு நேரம் தளரவிட வேண்டும். பிறகே அடுத்த அடி. தொடைத் தசைக்கு அடிக்கு அடி ஓய்வு கிடைக்கும். எவ்வளவு அழகான சிக்கனம்! ஈக்குவடோரின் 5,897 மீட்டர் உயரக் கோட்டோபாக்சி எரிமலையிலும் இதே நடைதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைப் பழகப் பத்துமலையின் 272 படிகள் இருக்கின்றன. விடியற்காலையில் முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்து ஏறுங்கள். ஏறும்போதே மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. பனிச்சரிவில் சறுக்கினால் கோடரியை ஊன்றி நிற்கும் வித்தையை மட்டும் பனியிலேயே வழிகாட்டியிடம் கற்க வேண்டும்.

1997 மே 23இல் எவரெஸ்டை எட்டிய முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகன்தாசும் நம்மவர்கள்தாம். நீங்களும் தொடங்குங்கள்.