எழும்பூரும் போட் மெயிலும்

ஹென்றி இர்வின் வகுத்த திட்டப்படி, சாமிநாத பிள்ளை என்னும் காண்டிராக்டர் கட்டி முடித்து, 1908-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட எழும்பூர் ரயில் நிலையத்தை, செந்நிறச் சுவர்களுக்கு மேல் கும்மட்டங்கள் எழுந்து நிற்கும் கோலத்தில் முதன்முதலாகக் காண்கிறவர், இது பிரயாணிகளுக்கான கட்டடமா, ராஜாக்களுக்கான அரண்மனையா என்று ஒரு க்ஷணம் மயங்குவது இயல்பே.

ஆனால் எனக்கு அதன் சௌந்தரியத்தைவிட உபயோகத்தில்தான் அபிமானம் அதிகம். மூட்டை முடிச்சுகளோடு வருகிறவர் அல்லற்படாமல் ரயில் பெட்டியருகே இறங்கும்படி, மோட்டார் வண்டிகள் பிளாட்பாரம்வரை வரப் பாதை அமைத்தார்களே, அந்த யுக்தி ஒன்று போதும்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, இங்கே போட் மெயிலில் ஏறியவர், ஆட்கள் நெம்புகோலைத் தள்ளியே கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் அந்த அதிசயப் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்ச் சேர்ந்தார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. வண்டி ராமேசுவரத்தோடு நின்றுவிட்டது. இரண்டு தேசங்களையும் நடுவிலிருந்த கடலையும் ஒரு துண்டு அட்டையில் அடக்கிய அந்த ஏற்பாட்டுக்கு ஈடான சௌகரியத்தை, வேகம் மிகுந்த இக்காலத்து வாகனங்களும் நமக்கு அளித்துவிடவில்லை.