மந்திரமும் மாலையும்: அபிராமி அந்தாதியின் நாள்வழிபாட்டுப் பாராயணம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருக்கடையூர் அபிராமி பட்டர் இயற்றிய அபிராமி அந்தாதி, தமிழகத்துச் சாக்த வழிபாட்டில் நாள்தோறும் ஓதப்பெறும் நூல்களுள் முதன்மையானது. இன்றைய பாராயணப் பதிப்புகள் பல, இந்நூலின் ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனிப் பயன் குறித்து, அதனைத் தனி மந்திரமாகவே வழங்குகின்றன. மந்திர சாதனையின் ஒழுங்கை அந்தாதி என்னும் யாப்பமைதி எவ்வாறு தன்வயப்படுத்துகிறது என்பதையும், பாடல்தோறும் பயன் கூறும் முறை அவ்வமைதியை எவ்வாறு குலைக்கிறது என்பதையும் நூலின் அகச்சான்றுகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அபிராமி அந்தாதி, ஸ்ரீவித்யை, மந்திரம், பாராயணம், கட்டளைக் கலித்துறை, நூற்பயன்.

முன்னுரை

அம்மன் வழிபாட்டில் நாள்தோறும் நிகழும் செயல்கள் மூவகைப்படும். திருமேனிக்கும் சக்கரத்திற்கும் செய்யும் பூசை ஒன்று. குருவிடம் பெற்ற மந்திரத்தை எண்ணிக்கையோடு உருவேற்றும் செபம் மற்றொன்று. தோத்திர நூல்களை முறையாக ஓதும் பாராயணம் மூன்றாவது. இவற்றுள் முதலிரண்டும் தகுதியும் பயிற்சியும் வேண்டுவன. பாராயணமோ இல்லத்தார் எவர்க்கும் உரியது. லலிதா சகசிரநாமம், சௌந்தரியலகரி ஆகிய வடமொழி நூல்களோடு தமிழில் இவ்விடத்தைப் பெற்றிருப்பது அபிராமி அந்தாதி.

காப்பும் நூற்பயனும் நீங்கலாக 100 பாடல்களைக் கொண்ட இந்நூலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு திசைகளில் செல்கின்றன. ஒன்று, பாடல்களில் பொதிந்துள்ள ஸ்ரீவித்யைக் குறிப்புகளைத் தேடித் தொகுப்பது. மற்றொன்று, இன்ன பாடலை ஓதினால் இன்ன பயன் விளையும் எனப் பட்டியலிடுவது. இரண்டும் பாடலைப் பொருளின் கொள்கலமாக மட்டுமே காண்கின்றன. அந்தாதி என்னும் வடிவம் வழிபாட்டில் ஆற்றும் பணி இவற்றில் போதிய கவனம் பெறவில்லை.

மந்திரமும் உரிமையும்

நிறைந்த சொல்லாற்றல் உடையோர் தம் ஆணையால் மொழியும் மறைபொருட் சொல்லே மந்திரம் என்பது தொல்காப்பியச் செய்யுளியலின் கருத்து. சொல்வோரின் ஆற்றல், சொல்லின் மறைவுத்தன்மை ஆகிய இரண்டும் இவ்விலக்கணத்தில் இணைந்துள்ளன. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் திரிபுரைச் சக்கரம், புவனாபதிச் சக்கரம், நவாக்கரி சக்கரம் முதலியவற்றைத் தனித்தனிப் பகுதிகளாக விரிக்கிறது. எனவே, சக்தி வழிபாட்டின் மந்திர நெறி தமிழில் பட்டருக்கு நெடுங்காலம் முன்பே இடம் பெற்றிருந்தது.

ஸ்ரீவித்யை மரபின் மூலமந்திரமாகிய பஞ்சதசி 15 எழுத்துகளால் ஆனது. அது வாக்பவம், காமராசம், சக்தி என மூன்று கூடங்களாகப் பகுக்கப்பெறும். அவற்றுள் முறையே 5, 6, 4 எழுத்துகள் அமையும். இம்மந்திரம் தீட்சையின்றி ஓதற்குரியதன்று. எழுத்தின் எண்ணிக்கை மாறுதல் கூடாது; வரிசை பிறழ்தல் கூடாது; உருவேற்றும் தொகையும் வரையறைக்குட்பட்டது. மந்திர சாதனையின் ஒழுங்கு இம்மூன்றிலும் அடங்கும்.

இவ்வொழுங்கினுள் புகும் உரிமை அற்றோர்க்கு நாள்வழிபாட்டில் எஞ்சுவது யாது என்பதே இங்கு எழும் வினா. அபிராமி அந்தாதி அதற்கு மறைமொழியை வெளிப்படுத்தி விடையிறுக்கவில்லை. மறைமொழிக்குரிய ஒழுங்கை வெளிப்படையான தமிழ்ச் செய்யுளுக்கு உரியதாக்கி விடையிறுக்கிறது.

ஆறாம் பாடல் தரும் சான்று

நூலின் 6ஆம் பாடல் வழிபடுவோனின் உறுப்புகளையும் செயல்களையும் வரிசைப்படுத்துகிறது. தலையின்மேல் இருப்பது அன்னையின் திருவடி. சிந்தையுள் நிலைபெற்றிருப்பது அவளுடைய திருமந்திரம். அடியாரோடு கூடி முறைமுறையே ஓதப்பெறுவது அவளுடைய பரமாகம பத்ததி. இப்பகுப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மந்திரம் சுட்டப்பெறுகிறது; சொல்லப்பெறவில்லை. அதன் இடம் சிந்தை. வாய்க்கும் அவைக்கும் உரியதாக வேறொன்று கூறப்பெறுகிறது. செபம் அகத்திற்கும், ஓதுதல் கூட்டத்திற்கும் எனப் பட்டரே எல்லை வகுத்துள்ளார் எனலாம்.

10ஆம் பாடல் நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும் நிகழும் நினைவைக் கூறுகிறது. ஆசனம், காலம், திசை ஆகியவற்றால் வரையறுக்கப்பெறும் பூசைக்கு இஃது எதிரன்று. அப்பூசை முடிந்தபின் எஞ்சும் நாளின் பொழுதுகளையும் வழிபாட்டினுள் கொணரும் முயற்சியாகும். 12ஆம் பாடல் கற்பது அவள் நாமம் என்றும், பகலும் இரவும் சேர்வது அவளை விரும்புவோர் அவை என்றும் கூறி இக்கருத்தை வலியுறுத்துகிறது. 50, 77ஆம் பாடல்கள் அன்னையின் பெயர்களை நாமாவளி போல அடுக்குகின்றன. எனினும், அருச்சனையில் ஒவ்வொரு பெயரும் போற்றியோடு தனித்து முடிய, இங்குப் பெயர்கள் எதுகையாலும் மோனையாலும் பிணைந்து ஒரே வாக்கியத்திற்குள் ஒடுங்குகின்றன. நாமாவளியும் இந்நூலில் யாப்புக்கு அடங்கியே நிற்கிறது.

கட்டளையும் தொடையும்

இந்நூல் கட்டளைக் கலித்துறையால் ஆனது. ஒற்று நீக்கி எண்ணுங்கால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வருதல் வேண்டும். நான்கடிப் பாடல் ஒன்று 64 அல்லது 68 எழுத்துகளில் அமையும். ஓரெழுத்து கூடினும் குறையினும் ஓசை பிழைபட்டு ஓதுவோர் நாவே அதனை உணர்த்திவிடும். தமிழ்ச் செய்யுள் வகைகளுள் எழுத்தெண்ணிப் பாடப்பெறுவது என்னும் சிறப்பு இதற்குண்டு. மந்திரத்திற்குரிய எழுத்து வரையறை இங்கு யாப்பு வரையறையாக நிற்கிறது.

மந்திரத்தின் வரிசைக்கு ஈடாக அமைவது அந்தாதித் தொடை. ஒரு பாடலின் இறுதி அடுத்ததன் முதலாதலால், ஓதுவோர்க்கு ஏடு வேண்டுவதில்லை. வரிசை பிறழ்தற்கும் இடமில்லை. உருவேற்றும் தொகைக்கு ஈடாக அமைவது நூறு என்னும் நிறைவும், நூறாம் பாடலின் இறுதி முதற்பாடலின் தொடக்கச் சொல்லுக்கே மீளும் மண்டலிப்பும். செபமாலையின் மணிகள் சுற்றி வருதல் போல நூல் தன் தொடக்கத்திற்கே திரும்புகிறது.

இம்மீட்சி வெறும் சொல் மீட்சியன்று. முதற்பாடலில் உதித்தல் என்னும் வினை அன்னையின் நிறத்திற்கு உவமையாகிய செங்கதிருக்கு உரியது. அஃது புறவானில் நிகழ்வது. நூறாம் பாடலிலோ அதே வினை அன்னையின் படைக்கலங்களுக்கும் நகைக்கும் கண்களுக்கும் உரியதாகி, நெஞ்சில் எப்போதும் நிகழ்வதாகக் கூறப்பெறுகிறது. வானில் தொடங்கிய உதயம் நெஞ்சில் முடிகிறது. புறப்பூசையிலிருந்து அகப்பூசைக்குச் செல்லும் சாதனைப் பாதை ஒரே வினைச்சொல்லின் இருமுனைகளாக அமைந்துள்ளது. நூல் முழுவதையும் ஓதியவர்க்கே இவ்வியக்கம் புலப்படும்.

பாடல்தோறும் பயன்

பாராயணப் பதிப்புகள் பலவற்றில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் கல்வி பெற, கடன் தீர, பகை நீங்க என்றாற்போன்ற குறிப்புகள் காணப்பெறுகின்றன. இம்முறைக்கு முன்மாதிரி சௌந்தரியலகரியின் பிரயோக மரபு எனக் கருத இடமுண்டு. அந்நூற் பதிப்புகளில் சுலோகந்தோறும் யந்திரம், பீசாட்சரம், ஓதும் நாட்கள், நிவேதனம், பயன் ஆகியன தரப்பெறுவதுண்டு. சௌந்தரியலகரியும் 100 சுலோகங்களை உடையது. அதன் சிகரிணி விருத்தமும் அடிக்கு 17 எழுத்துடையது. அந்நூலை வீரை கவிராச பண்டிதர் தமிழ்ச் செய்யுளாக்கியிருப்பதும் அதன் தமிழக வழக்கிற்குச் சான்று. இவ்வொப்புமைகள் ஒரு நூலின் பயன்பாட்டு முறையை மற்றொன்றின்மேல் ஏற்றுதலை எளிதாக்கியிருக்கலாம்.

ஆயின் இரண்டும் அமைப்பால் வேறுபட்டவை. சௌந்தரியலகரியின் சுலோகங்களைச் சொல்லால் பிணைக்கும் தொடை இல்லை. ஒன்றைத் தனியே எடுத்து ஓதினும் அமைப்புக்கு ஊறில்லை. அந்தாதியிலோ பிணைப்பே அமைப்பு. இரண்டு இணைகள் இதனைத் தெளிவுறுத்தும்.

முதலாவது, 19, 20ஆம் பாடல்கள். ஒன்பது கோணங்களில் உறைபவள் என அன்னையை விளித்து 19ஆம் பாடல் முடிகிறது. இஃது ஸ்ரீசக்கரத்தைச் சுட்டும் தெளிவான குறிப்பு. அடுத்த பாடல் அதே உறைதல் என்னும் வினையைப் பற்றிக்கொண்டு, அவள் உறையும் கோயில் எது என வினவத் தொடங்குகிறது. கணவனின் ஒருபக்கம், மறையின் அடியும் முடியும், திங்கள், தாமரை, அடியவன் நெஞ்சம், கடல் என விடைகள் வினாவாகவே விரிகின்றன. சக்கரத்தில் உறுதியாக நிறுத்தப்பெற்ற இருப்பிடம் அடுத்த பாடலிலேயே கட்டவிழ்க்கப்பெறுகிறது. 19ஆம் பாடலை மட்டும் எடுத்து அதனை ஸ்ரீவித்யை நூலெனச் சான்று காட்டுவோரும், ஒரு பயனுக்காகத் தனித்து ஓதுவோரும் இக்கட்டவிழ்ப்பைக் காண்பதில்லை.

இரண்டாவது, 69, 70ஆம் பாடல்கள். செல்வம் வேண்டி ஓதப்பெறுவதில் 69ஆம் பாடலுக்கு இணையானது வேறில்லை. செல்வம், கல்வி, தளராத மனம், தெய்வ வடிவு, வஞ்சமில்லா இனம், நல்லன எல்லாம் ஆகியவற்றைத் தருவன அபிராமியின் கடைக்கண்கள் என்பது அதன் பொருள். கொடைகளின் வரிசையில் செல்வம் ஒன்றே. தலைப்புக் குறிப்பு அதனையே முழுமையாக்குகிறது. அன்றியும், இப்பாடல் கண் என்னும் சொல்லில் முடிய, 70ஆம் பாடல் கண்டவனின் கண்ணில் தொடங்குகிறது. தரும் கண் காணும் கண்ணாக மாறுகிறது. பெறுதல் காண்டலில் நிறைவுறுகிறது. 69ஆம் பாடலோடு நிறுத்துவோர் வேண்டுதலில் நிற்கின்றனர். 70ஆம் பாடலுக்குச் செல்வோர் தரிசனத்திற்குச் செல்கின்றனர். பாராயணத்திற்கும் பிரயோகத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்விரு பாடல்களின் இடைவெளியில் அடங்கியுள்ளது.

நூலின் இறுதியிலுள்ள நூற்பயன் பாடலும் இங்குக் கருதத்தக்கது. அது பாடல்வாரியான பயன் எதனையும் கூறவில்லை. ஓதும் தொகையையும் விதிக்கவில்லை. பாசம், அங்குசம், கரும்புவில், மலர்க்கணை ஏந்திய முக்கண்ணியைத் தொழுவோர்க்குத் தீங்கில்லை என ஒரே பயனை, அதுவும் எதிர்மறையாகக் கூறி அமைகிறது. பயன் தொழுதலுக்கு உரியதேயன்றிப் பாடலெண்ணுக்கு உரியதன்று.

வழக்கின் தரப்பு

இதற்கு மறுப்பும் உண்டு. அந்தாதியின் ஒவ்வொரு பாடலும் பொருள்முடிபு உடையது. எனவே தனித்து ஓதுதல் இலக்கணப் பிழையாகாது. மேலும், நோயும் வறுமையும் உற்றார் ஒரு பாடலைப் பற்றிக்கொண்டு ஆறுதல் அடைவது வழிபாட்டின் உயிர்ப்பான பகுதி. நூறு பாடலையும் மனனம் செய்யும் ஓய்வு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தனிப்பாடல் வழக்கே இந்நூலைப் பலரது நாவில் நிலைபெறச் செய்தது என்பதும் மறுத்தற்கரியது.

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும், ஒரு பாடலை அன்பினால் தேர்ந்துகொள்வதும், நூல் நூறு தீர்வுகளின் தொகுதி எனப் பதிப்பே அறிவிப்பதும் ஒன்றல்ல. முன்னையது ஓதுவோரின் உரிமை. பின்னையது நூலின் வடிவம் பற்றிய கூற்று. அக்கூற்று நூலின் அமைப்போடு பொருந்தவில்லை என்பதே இங்கு நிறுவப்பெறுவது.

கதையின் சான்று

நூல் தோன்றிய வரலாறாக வழங்கும் கதையும் இம்முடிவுக்குத் துணைநிற்கிறது. தஞ்சை மராத்திய மன்னர் சரபோசி திதியை வினவியபோது, அன்னையின் ஒளியில் ஆழ்ந்திருந்த பட்டர் தை அமாவாசையைப் பௌர்ணமி என்றார் எனவும், தீயின்மேல் கட்டிய நூறு கயிற்று உறியில் நின்று பாடல்தோறும் ஒரு கயிறு அறுபடப் பாடினார் எனவும், 79ஆம் பாடலில் நிலவு தோன்றிற்று எனவும் மரபு கூறும். திதி பற்றிய வினா ஸ்ரீவித்யை மரபில் வெறும் நாட்கணக்கன்று. 15 திதிகளுக்கும் 15 நித்தியா தேவியர் உரியர். நாள்வழிபாட்டின் கணக்கே அங்கு வினாவாயிற்று.

கதையை வரலாறாகக் கொள்ளாது மரபின் நூல்விளக்கமாகக் கொள்ளின் ஓர் உண்மை புலனாகும். வேண்டிய பயன் 79ஆம் பாடலிலேயே கைகூடிவிட்டது. உயிருக்கு இருந்த இடரும் நீங்கிற்று. ஆயினும் எஞ்சிய 21 பாடல்களும் பாடப்பெற்றன. பயனே நோக்கமாயின் பாடல் அங்கே நின்றிருக்கும். மாலை முற்றுப்பெறுதல் பயனினும் பெரிது என்பதைக் கதையே உணர்த்துகிறது.

முடிவுரை

அபிராமி அந்தாதி மந்திரத்தின் மறைவைக் காத்து, அதன் ஒழுங்கைப் பொதுவாக்கிய நூல். எழுத்து வரையறை கட்டளையாகவும், வரிசை அந்தாதியாகவும், உருவேற்றம் மண்டலிப்பாகவும் தமிழ் யாப்பினுள் இடம் பெற்றன. இதனால் தீட்சை பெறாதவரும் சாதனைக்கு நிகரான ஓர் ஒழுக்கத்தை நாள்தோறும் மேற்கொள்ள இயன்றது. பாடல்களைத் தனித்தனி மந்திரங்களாகப் பகுப்பது நூலுக்கு மந்திரத் தகுதியை உயர்த்துவது போலத் தோன்றினும், அதற்கு அத்தகுதியை அளித்த தொடையையே அறுக்கிறது.

பதிப்பாசிரியர்கள் பயன்குறிப்புகளைப் பாடலின் தலைப்பிலிருந்து நீக்கி, பிற்கால வழக்கு என்னும் குறிப்போடு பின்னிணைப்பில் தருதலும், அந்தாதிச் சொற்களைத் தனியெழுத்தால் காட்டுதலும் ஓதுவோர்க்குத் துணையாகும். வகுப்பறையில் இந்நூலைத் தனிப்பாடலாகப் பாடம் வைப்போர், குறைந்த அளவு இணைப்பாடல்களாகவேனும் வைப்பின், அந்தாதி என்பது நூலின் பெயரில் மட்டுமன்றி அதன் பொருளிலும் இயங்குவதை மாணவர் உணர்வர்.