கூத்து கட்டியவன் பேர் என்ன? சிவாஜி கணேசனின் 'எனது சுயசரிதை'யை முன்வைத்து

எங்கய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவாஜி படம் எது எத்தனை ரீல் என்று கேட்டால் சொல்லுவார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சைக்கிளில் படப்பொட்டி சுமந்த ஆள் அவர். ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட் எடுத்த காலம் அது. ராஜபாளையத்தில் சாயந்தர ஆட்டத்து முதல் பாதி ரீல் ஓடி முடிந்ததும் அதைப் பொட்டியில் அடுக்கிக் கேரியரில் கட்டி விடுவார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துக் கோபுரம் கண்ணில் தட்டும்போதே தியேட்டர் வாசலில் "பொட்டி வந்துருச்சு"ன்னு விசில் கிளம்பும். "அந்த விசிலு எனக்கில்லப்பா, பொட்டிக்கு"ன்னு இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பார். பொட்டியைத் தொட்டால் தீட்டில்லை. பொட்டி தூக்கியவன் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் தீட்டு. தரை டிக்கெட்டில் மண்ணைக் குவித்து உட்கார்ந்துதான் அய்யா பார்த்தார்.

தமிழர் எல்லாச் சாதியும் ஒரே கூரைக்குக் கீழே முதன்முதலாக உட்கார்ந்தது சினிமாக் கொட்டகையில்தான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்று கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். பெரிய அளவில் அது உண்மை, மறுக்கவில்லை. அய்யாவிடம் சொன்னேன். "ஒரே கூரைதான். கூரைக்குக் கீழ மூலை நாலு இருக்குல்ல?" என்றார்.

அந்த அய்யாவுக்குத்தான் போன மாதம் முழுக்க ராத்திரி ராத்திரி 'எனது சுயசரிதை'யை வாசித்துக் காட்டினேன். சிவாஜி கணேசன் சொல்லச் சொல்ல டி.எஸ். நாராயணசாமி தொகுத்த புத்தகம். கேள்வி பதிலாக ஓடுகிறது. 2001 ஜூலை 21இல் சிவாஜி காலமானார். நூல் 2002இல் வந்தது. இத்தனை வருடம் கழித்து இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நடிகர்களின் தன்வரலாறுகளை நாம் இதுவரை ரசிகனாக வாசித்திருக்கிறோம், அல்லது வாசிக்காமலே ஒதுக்கியிருக்கிறோம். பொட்டி சுமந்தவனின் காதால் கேட்டுப் பார்த்ததில்லை.

முதலில் நூலுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையைச் சொல்லும் பக்கங்கள் அசலானவை. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன அப்பா, வறுமைப்பட்ட வீடு, திருச்சி சங்கிலியாண்டபுரம். அங்கிருந்து ஒரு சிறுவன், தான் அனாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேருகிறான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. முதல் வேடம் சீதை. அப்புறம் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறான். பெண் வேடம் கட்டிய உடம்புதான் பின்னால் ராஜா வேடமும் கட்டியது. அந்த நடை, அந்தக் கைவிரல், அந்தப் புருவம் எல்லாம் எங்கே செதுக்கப்பட்டன என்று இந்தப் பக்கங்களைப் படித்தால் விளங்கும். திரைப்படக் கல்லூரிப் பாடத்தில் கிடைக்காத சங்கதி.

அடியும் உண்டு. வாத்தியார் அடி. அந்த அடியைத் தன்னை ஆளாக்கியதாகவே சிவாஜி நினைவுகூர்கிறார். கம்பெனியைக் குருகுலமாகவே பார்க்கிறார். இந்த இடத்தில் அய்யா, "நிறுத்து, நிறுத்து" என்றார். "எனக்கும்தான் அடி விழுந்துச்சு. தோட்டத்துல, களத்துல, பொட்டி லேட்டாயிருச்சுன்னா தியேட்டர்ல. எந்த அடி என்னைய ஆளாக்குச்சு?" இந்தக் கேள்வியை எழுத்தில் வைத்துப் பார்க்கிறேன். அடிவாங்கியவன் மேலே ஏற ஒரு படி இருந்தால் அந்த அடி பயிற்சியாகிறது. படியே இல்லாதவனுக்கு அது வெறும் அடி. சிவாஜியின் நன்றியில் பொய் இல்லை. ஆனால் அந்த நன்றியைப் பொதுவிதியாக்கி, கலை என்றால் அடிபட்டுத்தான் வரும் என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி, இந்தப் புத்தகத்தின் உயிர்நாடியான ராத்திரிக்கு வருவோம்.

சிறுவன் கணேசனுக்கு ஏழு வயசு வாக்கில் ஊருக்குள் கட்டபொம்மன் கூத்து வருகிறது. கம்பளத்தார் கூத்து என்று பேர். பார்க்கப் போன பையனுக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒருத்தனாக நிற்கும் வாய்ப்பும் கிடைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அடி. ஆனால் நடிகனாக வேண்டும், கட்டபொம்மனாக வேண்டும் என்ற வெறி அன்றைக்கு விழுந்தது என்கிறார். தமிழ் சினிமாவின் பெரிய நடிகன் பிறந்த இடம் நாடகக் கம்பெனி இல்லை, ஒரு தெருக்கூத்து. இதை அவரே ஒப்புக்கொள்வது இந்த நூலின் பெருந்தன்மை.

அன்றைக்குக் கட்டபொம்மன் வேடம் கட்டியவன் பேர் என்ன? மத்தளம் அடித்தவன் யார்? விடிய விடியக் கத்திவிட்டுக் காலையில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள், அல்லது திண்ணையில் படுக்க விட்டார்களா? கூலியாக நெல்லா, காசா? ஒன்றும் நமக்குக் கிடைப்பதில்லை. சிவாஜியின் தகப்பனார் சின்னையா மன்றாயர் என்று பட்டத்தோடு வருகிறார். கம்பெனி முதலாளி பேர் வருகிறது, சேர்ந்து நடித்த பையன்கள் பேர் வருகிறது. கூத்தாடிக்கு மட்டும் பட்டமும் இல்லை, பேரும் இல்லை. ஏழு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எழுபது வயதில் சொல்லும் கிழவருக்கோ, கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டவருக்கோ அதைத் தேடத் தோன்றவில்லை. அது ஞாபகமறதி அல்ல. கூத்தாடிக்குப் பேர் இருக்கும் என்ற நினைப்பே நம் எழுத்துப் பழக்கத்தில் இல்லை. 'கூத்தாடி' என்பது இன்னைக்கும் வசவுச் சொல். சினிமாக்காரனைத் திட்டுவதற்கு அரசியல்வாதி எடுப்பதும் அந்தச் சொல்தான்.

சிவாஜி நாடக மன்றம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை அரங்கேற்றியது 1957இல். சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. அதே 1957 செப்டம்பரில்தான் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் பற்றி எரிந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் மீசை துடித்த வருடமும், சமமாக உட்கார்ந்து பேசியதற்காக ஒருவர் உயிர் போன வருடமும் ஒரே வருடம். நடிகர் மேல் பழி சொல்லவில்லை. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1959இல் பி.ஆர். பந்துலு அதைப் படமாக்கினார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. 1970இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் தன் சொந்தக் காசில் இடம் வாங்கிச் சிலையும் வைத்தார். கூத்துப் பார்த்த பையனின் கடன் தீர்ந்தது. கட்டபொம்மனிடம் பட்ட கடன் தீர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூத்தாடியிடம் பட்டது நிற்கிறது.

படத்தில் யார் யார் நம் ஞாபகத்தில் இருக்கிறார்கள்? ஜெமினி கணேசனின் வெள்ளையத்தேவன். பத்மினியின் வெள்ளையம்மாள். எட்டப்பனாக வந்த வி.கே. ராமசாமி, அவர் எங்கள் ஜில்லாக்காரர், விருதுநகர். தளபதி சுந்தரலிங்கத்தை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அய்யாவிடம் கேட்டேன். அந்தப் படத்தின் பொட்டியை எத்தனை தடவை சுமந்தாரோ கணக்கில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பேரு எனக்கு பஸ்ஸுலதாம்பா தெரியும்."

பஸ் கதை வெளியூர்த் தோழர்களுக்கு. ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கம் கவர்னகிரியில் பிறந்த சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுலத்தவர். 1799இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து மாண்டார் என்பது மக்கள் வழக்கு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கசாதியினர். கல் பறந்தது, குடிசை எரிந்தது, உயிர்கள் போயின. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுற்று வட்டாரமும் அந்த மே மாதத்தை மறக்காது. இரண்டு மாதம் கழித்து அரசு ஒரு முடிவுக்கு வந்தது: எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் தலைவர் பேர் வேண்டாம். அப்படித்தான் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' திருநெல்வேலி ஆனது, எங்கள் காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது. தளபதி பேரை ஏற்ற மறுத்த பஸ்ஸிலிருந்து ராஜாவும் இறங்க வேண்டியதாயிற்று. முடிவெடுத்த முதல்வர், 1952இல் சிவாஜிக்குப் 'பராசக்தி' வசனம் எழுதிய கலைஞர்.

இந்த நூல் வந்தது இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் கழித்து. தொகுத்தவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நூலின் பிற்பகுதியை வேகமாகவே கடந்தேன். பட்டம், பயணம், சந்தித்த பெரிய மனிதர்கள். 1988இல் தனிக்கட்சி ஆரம்பித்து 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்ற கதையைக் கேட்டு அய்யா 'த்சு' கொட்டினார். அவருடைய வருத்தம் வேறு. அது 1992.

அந்தத் தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. பெரிய தேவராக சிவாஜி. நடிப்பைப் பற்றிக் குறை சொல்ல என்னால் முடியாது. கிழட்டுச் சிங்கம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்தப் படத்தின் சாதிப் பெருமைப் பாட்டு எங்கள் பக்கம் பாட்டாக இல்லை. ஊர்வலத்தில், கல்யாணத்தில், சேரி வழியாகப் போகும் வேனில் ஸ்பீக்கரை எங்கள் தெரு பக்கம் திருப்பி வைத்துப் போட்டார்கள். அய்யா பொட்டியைக் கொண்டுபோய் இறக்கினார். படம் பார்க்க உட்காரவில்லை. சிவாஜி படம் ஒன்றை அவர் பார்க்காமல் திரும்பியது அது ஒன்றுதான். "என் சிவாஜிய அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்றார். எங்கள் வீட்டில் யாரும் அன்றைக்கு மேலே பேசவில்லை. முப்பது வருடம் கழித்து, 2023இல் மாரி செல்வராஜ் 'மாமன்னன்' எடுத்து, 'தேவர் மகன்' தன்னை என்ன செய்தது என்று வெளிப்படையாகப் பேசியபோது அய்யா டி.வி.யை விட்டு நகரவில்லை.

அந்தப் பாட்டுக்கு இசை இளையராஜா. 2024 டிசம்பர் 15 அன்று அவர் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்தார். திவ்யப் பாசுரங்களுக்கு அவர் அமைத்த இசை அங்கே அரங்கேறிய நாள். அர்த்தமண்டப வாசலில் ஏறியவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அர்ச்சகர், ஜீயர் போன்றோர் தவிர யாருக்கும் அங்கே அனுமதி கிடையாது, மரபு அதுதான் என்றது நிர்வாகம். தன் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுப்பவன் தான் இல்லை, வந்தது பொய்ச் செய்தி என்றார் அவர். அவர் சொல்லை மதிக்கிறேன். தன்னைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை அவர் விரும்பமாட்டார், நானும் பேசவில்லை. எங்கள் தொகுதி தனித்தொகுதி என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். மரபு என்கிறார்கள், சரி. அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே நிற்பவர்கள் எல்லோரும் எந்தெந்தப் பிறப்பினர் என்பதையும் அதே மரபுதானே வைத்திருக்கிறது?

தன்வரலாறு என்று பேச்சு வந்தால் எங்கள் வட்டாரத்துக்குச் சொல்லிக்கொள்ள வேறு புத்தகங்கள் உண்டு. புதுப்பட்டி பாமாவின் 'கருக்கு' 1992. 'தேவர் மகன்' வந்த அதே வருடம். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002. சிவாஜியின் சுயசரிதை வந்த அதே வருடம். அதே புதுப்பட்டிக்காரர். 2024 நவம்பரில் அவரையும் இழந்தோம். 'கருக்கு'வில் எழுதியவர் தன் பேரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தெருவைப் பேச விட்டார். நடிகரின் நூலில் 'நான்' கொழுத்திருக்கிறது, தெரு மெலிந்திருக்கிறது. இது சிவாஜியின் குணக்கேடு இல்லை. ஒரு நட்சத்திரத்திடம் எல்லோரும் கேட்டது அவரைப் பற்றி மட்டும்தான். அவரும் அதையே சொன்னார். ஆனாலும் அந்தக் கூத்து ராத்திரியை மறைக்காமல் சொல்லிவிட்டாரே, அதுக்காக அவருக்கு ஒரு கும்பிடு. மறைத்திருந்தால் நமக்குக் கேட்கவே இடம் இருந்திருக்காது.

கடைசிப் பக்கம் முடிந்ததும் அய்யா அந்தக் கூத்துப் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "எங்க தாத்தனும் வத்திராயிருப்பு வரைக்கும் போயிக் கொட்டடிச்சவருதான். அவரு பேரு உனக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சொன்னார். என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

திருச்சிப் பக்கத்துத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கிலியாண்டபுரத்துக்கு 1930களில் கட்டபொம்மன் கூத்து கட்ட வந்த ஜமாவின் வழிவந்தவர்கள் யாராவது இருப்பார்கள். பேரன் பேத்திகள் எழுபது வயது தாண்டியிருப்பார்கள். விசாரித்து, பேரும் ஊரும் அவர்கள் சொல்லுகிறபடியே எழுதி இதழுக்கு அனுப்புங்கள்.