அவையடக்கம் யாருக்கு?

நூல் தொடங்கும் புலவன் கற்றோர் அவையின் முன் தன்னைத் தாழ்த்திப் பாடுவதை அவையடக்கம் என்கிறோம். கம்பரும் பாடினார், உமறுப் புலவரும் பாடினார். ஆனால் அவைக்கும் ஓர் அடக்கம் வேண்டுமல்லவா? நியூயார்க் நகரின் நாடக அரங்கொன்றில் 2015 செப்டம்பரில் நிகழ்ந்தது இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது.

லிங்கன் சென்டரில் 'தி கிங் அண்ட் ஐ' என்னும் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தது. சாட்டையடிக் காட்சி வந்த வேளையில், ஆட்டிசம் உடைய குழந்தையொன்று அலறியது. குழந்தையை வெளியே கொண்டுபோகும்படி பார்வையாளர் சிலர் தாயை நோக்கிச் சினந்து கூவினர். அத்தாய் முயன்றாள், குழந்தையோ கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு வர மறுத்தது. மேடையில் ஆட்டம் நிற்கவில்லை. அந்நாடகத்தில் நடித்த கெல்வின் மூன் லோ, தாயின் பக்கம் நின்று, பார்வையாளரின் கடுமையைக் கண்டித்து எழுதினார். கலைஞன் பொறுத்தான், அவை பொறுக்கவில்லை.

இத்தகைய குடும்பங்களை அரங்கிற்கு வெளியே நிறுத்தும் சுவர்கள் இரண்டு. ஒன்று விலை, மற்றொன்று வழக்கம். விலையைக் குறைக்க அந்நகரில் நெடுநாளாக முயற்சிகள் உண்டு. சென்ட்ரல் பூங்காவின் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கில் 1962 முதல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் கட்டணமின்றி நடிக்கப்பட்டு வந்துள்ளன. தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்னும் அமைப்பு 1973இல் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு சாவடி திறந்து, அன்றன்று எஞ்சும் நுழைவுச் சீட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. இவை போற்றத்தக்கவையே. எனினும் அச்சலுகையைப் பெற வரிசையில் காத்து நிற்கவேண்டும். எந்த நாடகத்திற்குச் சீட்டுக் கிடைக்கும் என்பதும் அன்றுதான் தெரியும். முன்கூட்டியே சொல்லிப் பழக்காவிட்டால் புதிய இடத்தில் கலங்கிவிடும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் அவ்வரிசையில் எங்ஙனம் நிற்பாள்? காசில் குறைத்ததை அலைச்சலில் வாங்கிக்கொள்வது அவளுக்குச் சலுகை ஆகாது.

இதை உணர்ந்ததுபோல் அதே அமைப்பு 2011 அக்டோபரில் மற்றொரு காரியம் செய்தது. 'தி லயன் கிங்' நாடகத்தின் ஒரு காட்சிக்குரிய இருக்கைகள் அனைத்தையும் தானே வாங்கி, ஆட்டிசம் உடையோரின் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. அரங்கில் என்ன நடக்கும் என்பதை விளக்கும் படக்கதை முன்னதாகவே தரப்பட்டது. திடுக்கிட வைக்கும் ஒலிகள் தணிக்கப்பட்டன. கண்ணைக் கூசும் மின்வெட்டு விளக்குகள் தவிர்க்கப்பட்டன. மனம் கலங்கிய பிள்ளை சற்று அமைதி பெற வெளிக்கூடத்தில் தனியிடம் இருந்தது. எழுந்தாலும் நடந்தாலும் பேசினாலும் அதட்டுவார் இல்லை. இரு சுவர்களும் ஒரே நாளில் திறந்தன.

கலைஞனின் படைப்பைச் சிதைக்கலாமா என்று கேட்போர் உளர். கதையும் பாட்டும் ஆடலும் அன்று அப்படியேதான் இருந்தன. குறைந்தது சிறிது ஓசையும் சிறிது ஒளியும். அவ்வளவினால் அழிந்துபோகும் நாடகமாயின், அதை நல்ல நாடகம் என்று எவ்வாறு சொல்வது?

நம் குறை வேறு. அந்நாடகம் வாரத்திற்கு எட்டு முறை நடிக்கப்படுவது. தனியாக ஒதுக்கிய காட்சி நல்லதே. அது இல்லாவிடில் பல குடும்பங்கள் அரங்கின் உட்புறத்தையே கண்டிரா. ஆனால் மற்ற நாள்களின் அவை அதனால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. 2011இல் அந்நற்காட்சி நடந்த நகரில்தான், நான்கு ஆண்டு கழித்து, ஒரு தாய் அத்தனை பேர் முன்னிலையில் அவமானப்பட்டாள். தனிநாள் அரங்கத்தாரைத் திருத்திற்று, பார்வையாளரைத் திருத்தவில்லை.

ஆகவே தனிக்காட்சிகள் பெருகவேண்டும். அத்துடன், இங்கே ஒரு குழந்தையின் குரல் எழக்கூடும், பொறுத்தருள்க என்று எல்லாக் காட்சிகளிலும் திரை விலகுமுன் சொல்லும் துணிவும் அரங்கத்தாருக்கு வேண்டும். அரபு மொழியில் 'அதபு' என்னும் ஒரே சொல் இலக்கியத்தையும் குறிக்கும், நன்னடத்தையையும் குறிக்கும். இரண்டையும் பிரிக்கலாகாது என்பதே அச்சொல் நமக்குத் தரும் பாடம். மேடையில் பிறர் துயர் கண்டு கண்ணீர் விடும் ஒருவர், அடுத்த இருக்கையில் எழும் அலறலுக்கு முகம் சுளிப்பாராயின், அவர் நாடகம் பார்த்தவர் ஆகார். அவையடக்கம் புலவனுக்கு மட்டும் உரியதன்று.